பக்கம் உறையாமல் பெரிய வேலை வாங்குவது: வெப் வொர்க்கர் அறிமுகம்

தமிழில் ஒரு பெரிய உரைக்கோப்பைக் கொடுத்தால் அதில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்லும் ஒரு இணையப் பக்கம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு இது நிறைய வேலை வைக்கும். யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல் மூன்று எழுத்தாக இல்லை, ஐந்து குறியீடுகளாக இருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவாஸ்கிரிப்டிடம் அந்தச் சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 5 என்றுதான் பதில் வரும். நாம் எழுத்து என்று நினைப்பதை எழுத்தாகவே பிரித்துத் தர இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி மொழிக்குள்ளேயே இருக்கிறது. சரியாகப் பிரிக்கும், ஆனால் நிதானமாகப் பிரிக்கும். ஒரு பத்தியைக் கொடுத்தால் உடனே முடிந்துவிடும். ஒரு தடித்த நாவலையோ பல வருட வலைப்பதிவுகளை ஒன்றாக ஒட்டிய கோப்பையோ கொடுத்தால் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும்.

உறைவது என்றால் அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், பிரச்சினையின் வேர் அதிலேயே தெரிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் அது அமுங்குவதில்லை. பெட்டியில் தட்டச்சு செய்தது திரையில் வருவதில்லை, ஐந்து நொடி கழித்து மொத்தமாக வந்து விழுகிறது. சில நேரம் பிரவுசரே 'இந்தப் பக்கம் பதிலளிக்கவில்லை, மூடிவிடவா?' என்று கேட்கும். இதையெல்லாம்விடப் புதிதாக எழுதுபவர்களைக் குழப்புவது ஒன்று உண்டு: எண்ணத் தொடங்குவதற்கு முந்தைய வரியிலேயே 'எண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்' என்று பக்கத்தில் எழுதச் சொல்லியிருப்பார்கள், அந்த வாசகம் கடைசிவரை தெரியவே தெரியாது. வேலை முடிந்த பிறகு நேராக விடைதான் வரும். நிரலில் பிழை எதுவும் இல்லை, வாசகத்தை மாற்றியது உண்மைதான், ஆனால் மாற்றியதைத் திரையில் வரைய வேண்டிய ஆளும் எண்ணிக்கொண்டிருக்கிற ஆளும் ஒருவரே.

அந்த ஒருவருக்குப் பெயர் மெயின் த்ரெட். த்ரெட் என்றால் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போகும் ஒரு வேலை ஓட்டம். நீங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட், சொடுக்குக்கும் தட்டச்சுக்கும் பதில் சொல்லும் நிரல், எந்தப் பெட்டி எங்கே எத்தனை அகலத்தில் உட்கார வேண்டும் என்ற கணக்கு, திரையில் வரைவதற்கான ஏற்பாடு என்று ஒரு பக்கத்தின் பெரும்பாலான வேலைகள் இந்த ஒரே த்ரெட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நின்று நடக்கின்றன. இந்த வரிசையை ஓட்டும் ஏற்பாட்டைத்தான் ஈவென்ட் லூப் என்கிறார்கள். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது அது பக்கத்தில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய வந்த மொழி, படிவத்தில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கெல்லாம் ஒரு த்ரெட்டே தாராளம். இன்றைக்கு அதே பிரவுசருக்குள் வீடியோ எடிட்டரையும் ஸ்ப்ரெட்ஷீட்டையும் ஓட்டுகிறோம், ஆனாலும் பக்கத்துக்கு மெயின் த்ரெட் என்னவோ ஒன்றுதான்.

கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்று பாருங்கள். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, ஆக ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி. ஒரே மூச்சில் 50 மில்லிநொடிக்கு மேல் மெயின் த்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும் எந்த வேலையையும் 'நீண்ட வேலை' என்று பிரவுசர்கள் குறித்து வைக்கின்றன. கூகுள் 2024 மார்ச் முதல் பக்கத்தின் தரத்தை அளக்கும் முக்கிய அளவுகளில் ஒன்றாக ஐஎன்பி என்பதைச் சேர்த்தது: பயனர் ஒன்றைத் தொட்டதிலிருந்து திரையில் அதன் விளைவு தெரியும்வரை ஆகும் நேரம். 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. நம்முடைய எழுத்து எண்ணி ஐந்து நொடி எடுத்துக்கொண்டால் இதில் எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. உறைந்த பக்கத்தில் சில சமயம் ஸ்க்ரோல் மட்டும் வேலை செய்யும், சுழலும் வட்டமும் சுற்றிக்கொண்டே இருக்கும். இவற்றைப் பிரவுசர் வேறொரு த்ரெட்டில் பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் காரணம். அதனால் 'வட்டம் சுற்றுகிறதே, அப்போ பக்கம் உயிரோடுதான் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

அசிங்க் போட்டால் போதாதா?

இந்த இடத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கலாம். எண்ணும் ஃபங்ஷனுக்கு முன்னால் அசிங்க் என்று போட்டு, கூப்பிடும் இடத்தில் அவெயிட் என்று போட்டால் பின்னணியில் ஓடிவிடாதா? ஓடாது. ஒரு நொடிகூடக் குறையாது. ஃபெட்ச் கொடுத்து ஒரு கோப்பை இறக்கும்போது பக்கம் உறைவதில்லையே என்று கேட்கலாம், அங்கே நெட்வொர்க் வேலையைச் செய்வது பிரவுசரின் வேறு பகுதி, உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் சும்மா காத்திருக்கிறது, காத்திருக்கும்போது மெயின் த்ரெட் வேறு வேலையைப் பார்க்கலாம். அசிங்கும் அவெயிட்டும் பிராமிஸும் இப்படி 'காத்திருக்கிற' வேலைக்கானவை. எழுத்து எண்ணுவதில் காத்திருக்க எதுவும் இல்லை, லட்சக்கணக்கான முறை சுற்றுகிற ஒரு லூப், அதை யாராவது உட்கார்ந்து ஓட்டியாக வேண்டும். அசிங்க் என்று எழுதினாலும் அதை ஓட்டப்போவது மெயின் த்ரெட்தான்.

வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஆயிரம் எழுத்துக்கு ஒருமுறை செட்டைம்அவுட் போட்டு, அதாவது மீதியைக் கொஞ்சம் கழித்து ஓட்டச் சொல்லி, மூச்சு விடலாம். இது நியாயமான வழிதான், பல இடங்களில் இதுவே போதும். ஆனால் துண்டின் அளவை நீங்கள் ஊகித்து வைக்க வேண்டும், உங்கள் லேப்டாப்பில் 10 மில்லிநொடி எடுத்த துண்டு ஒரு மலிவான போனில் எத்தனையோ மடங்கு எடுக்கும், நிரலும் அவசியமில்லாமல் சிக்கலாகும். எல்லாவற்றுக்கும் மேல், இன்றைய போனின் சிப்பிலும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் நாலு, எட்டு கோர்கள் இருக்கின்றன, ஒன்றை மட்டும் போட்டுப் பிழிந்துவிட்டு மற்றவற்றைச் சும்மா வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

வெப் வொர்க்கர் செய்வது அந்த லூப்பை இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்புவது. இது ஒன்றும் நேற்று வந்த வசதி இல்லை. 2007இல் கூகுள் கியர்ஸ் என்ற ஒட்டு மென்பொருளில் இதன் முன்னோடி இருந்தது, 2009இல் ஃபயர்பாக்ஸ் 3.5 இதை நேரடியாகக் கொண்டுவந்தது, 2012இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10கூட வந்து சேர்ந்துகொண்டது. ஆக, 'எல்லா பிரவுசரிலும் ஓடுமா' என்ற கவலை இல்லாமல் பயன்படுத்தலாம். இவ்வளவு வருடம் ஆகியும் பலர் இதைத் தொடாமல் இருப்பதற்குக் காரணம் எழுதும் முறை கொஞ்சம் பழக்கமில்லாததாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

எழுதுவது எப்படி

இரண்டு கோப்பு வேண்டும். ஒன்று பக்கத்தின் வழக்கமான ஜாவாஸ்கிரிப்ட். இன்னொன்று வொர்க்கருக்கான கோப்பு, அதற்கு 'எண்ணி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பக்கத்தின் நிரலில் நியூ வொர்க்கர் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் எண்ணி கோப்பின் முகவரியைக் கொடுத்தால், பிரவுசர் அந்தக் கோப்பை இறக்கி, அதற்கென்று ஒரு தனி த்ரெட்டைத் தொடங்கி, அதில் ஓடவிடும். உங்கள் கையில் அதைக் குறிக்கும் ஒரு ஆப்ஜெக்ட் கிடைக்கும். அதன்மேல் போஸ்ட்மெசேஜ் என்று கூப்பிட்டால் தகவல் அந்தப் பக்கம் போகும். அதன் ஆன்மெசேஜில் ஒரு ஃபங்ஷனை வைத்தால் அங்கிருந்து வரும் பதில் இங்கே வந்து விழும். வொர்க்கர் கோப்புக்குள்ளும் இதே இரண்டு பெயர்கள்தான், அங்கே ஆன்மெசேஜ் வைத்துக் காத்திருப்போம், கணக்கை முடித்துவிட்டு போஸ்ட்மெசேஜில் விடையைத் திருப்பி அனுப்புவோம். அனுப்பிய சரக்கு இரண்டு பக்கமும் ஈவென்ட்டின் டேட்டா என்ற பகுதியில் இருக்கும். அவ்வளவுதான், இதற்குமேல் கற்றுக்கொள்ளப் பெரிய இலக்கணம் எதுவும் இல்லை.

ஆனால் வொர்க்கருக்குள் போனதும் சில பழகிய பொருள்கள் காணாமல் போயிருக்கும். பக்கத்தையும் அதன் சாளரத்தையும் குறிக்கும் டாக்குமென்ட் கிடையாது, விண்டோ கிடையாது. பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியைக்கூட அது தொட முடியாது, விடையைத் தானே திரையில் எழுத முடியாது. இதை ஒரு குறையாக நினைத்து அலுத்துக்கொள்பவர்கள் உண்டு, ஆனால் இது வேண்டுமென்றே வைத்த வேலி. இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை மாற்றலாம் என்று விட்டால், ஒன்று ஒரு வரியை அழிக்கும்போது இன்னொன்று அதே வரியில் எழுதிக்கொண்டிருக்கும், அப்படி வரும் பிழைகள் பத்து முறையில் ஒருமுறைதான் வரும், பிடிக்கவே முடியாது. மற்ற மொழிகளில் த்ரெட் எழுதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் 'உன் நினைவகம் உனக்கு, என் நினைவகம் எனக்கு, பேச வேண்டுமானால் செய்தி அனுப்பு' என்று வைத்திருக்கிறார்கள். லோக்கல்ஸ்டோரேஜும் அலர்ட்டும்கூட உள்ளே கிடையாது. ஃபெட்ச், செட்டைம்அவுட், இன்டெக்ஸ்டுடிபி, வெப்சாக்கெட் எல்லாம் உண்டு. நம்முடைய செக்மென்டர் மொழியின் பகுதி என்பதால் அதுவும் உண்டு.

செய்தியில் என்ன போகும், எப்படிப் போகும்

பெரும்பாலான அறிமுகக் கட்டுரைகள் போஸ்ட்மெசேஜைக் காட்டியதோடு முடித்துவிடும், ஆனால் வொர்க்கர் பயன்படுகிறதா வீணாகிறதா என்பது இனிமேல்தான் முடிவாகிறது. போஸ்ட்மெசேஜில் நீங்கள் ஒன்றைக் கொடுத்தால் அது அப்படியே அந்தப் பக்கம் போவதில்லை, அதன் நகல்தான் போகிறது. இந்த நகலெடுப்புக்கு ஸ்ட்ரக்சர்டு குளோன் என்று பெயர். எண், சரம், அரே, ஆப்ஜெக்ட், தேதி, மேப், செட் எல்லாம் ஒழுங்காக நகலாகும், தன்னையே சுட்டிக்கொள்ளும் ஆப்ஜெக்ட்கூட நகலாகும். ஃபங்ஷன் போகாது, பக்கத்தின் உறுப்புகள் போகாது, அனுப்பிப் பார்த்தால் டேட்டாகுளோன்எரர் என்று பிழை வரும். நீங்கள் கிளாஸ் எழுதி அதிலிருந்து உருவாக்கிய ஆப்ஜெக்டை அனுப்பினால் அதிலுள்ள தகவல் போய்ச் சேரும், மெத்தட்கள் போகாது, பிழையும் வராது, அந்தப் பக்கம் போய்க் கூப்பிடும்போதுதான் 'அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை' என்று வரும்.

நகலெடுக்க நேரம் ஆகும் என்பதுதான் இதில் விஷயம். அரிசியை மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய் அரைத்து வருவது மாதிரி: பத்துப் படி என்றால் போக வேண்டியதுதான், ஒரு கைப்பிடிக்காக யாரும் செருப்பைப் போட மாட்டார்கள். ஒரு மில்லிநொடியில் முடிகிற கணக்கை வொர்க்கருக்கு அனுப்பினால் போகவர ஆகும் நேரம் கணக்கு போடும் நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

இன்னொரு வழக்கமான ஏமாற்றம்: மிகப் பெரிய ஜேசன் (தகவலை உரையாக எழுதி வைக்கும் வடிவம்) ஒன்றைப் பிரிக்க மெயின் த்ரெட் திணறுகிறது, சரி, வொர்க்கரில் பிரித்துவிட்டு மொத்த ஆப்ஜெக்டையும் திருப்பி அனுப்பலாம் என்று செய்வார்கள். அனுப்பிய நகலை இந்தப் பக்கம் மறுபடி ஆப்ஜெக்டாகக் கட்டுவது மெயின் த்ரெட்தான், ஆக பாரம் வேறு வாசல் வழியாக அதே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பிரித்தது மட்டும் அல்லாமல், அதிலிருந்து வேண்டியதைத் தேடி, சுருக்கி, சின்ன விடையாக்கி அனுப்பினால்தான் லாபம்.

நம்முடைய எழுத்து எண்ணி இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தது. பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை மெயின் த்ரெட்டில் திறந்து படித்து, அந்தப் பெரிய சரத்தை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஃபைல் என்ற ஆப்ஜெக்டையே போஸ்ட்மெசேஜில் அனுப்பலாம், அப்படி அனுப்பும்போது உள்ளடக்கம் நகலாவதில்லை, 'இன்ன கோப்பு' என்ற சுட்டல்தான் போகிறது. வொர்க்கர் தானே அதைத் திறந்து படித்து, பிரித்து, எண்ணி முடித்து, எழுத்துக்கு எதிரே எண்ணிக்கை உள்ள ஒரு மேப்பைத் திருப்பி அனுப்பும். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247, கூடவே கிரந்த எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள். எவ்வளவு பெரிய நூலாக இருந்தாலும் திரும்பி வருவது சில நூறு வரிக்குள் அடங்கும் ஒரு அட்டவணைதான். இப்படி மெயின் த்ரெட் பெரிய சரக்கைத் தொடவே தொடாமல், உள்ளே நிறைய உழைப்பு நடந்து, சின்ன விடை வெளியே வருகிற வேலையாகத் தேடிப் பிடித்தால் வொர்க்கர் உங்களைக் கைவிடாது.

படம், ஒலி மாதிரி உண்மையிலேயே பெரிய பைட் மூட்டையை அனுப்பத்தான் வேண்டும் என்றால், நகலெடுக்காமல் கைமாற்றிக் கொடுக்க ஒரு வழி உண்டு. அரே பஃபர் வகைத் தகவலை, அதாவது வெறும் பைட்டுகளாக உள்ள நினைவகத் துண்டை, போஸ்ட்மெசேஜின் இரண்டாவது இடத்தில் ஒரு பட்டியலில் குறிப்பிட்டால் அதன் உரிமையே அந்தப் பக்கம் போய்விடும். எத்தனை மெகாபைட்டாக இருந்தாலும் கிட்டத்தட்ட உடனே போகும். போன பிறகு இந்தப் பக்கம் அதன் நீளத்தைக் கேட்டால் 0 என்று வரும், ஏனென்றால் அது இப்போது உங்களுடையது இல்லை. இதைத் தெரியாமல் மறுபடி அதே பஃபரைப் படிக்கப் போய் வெறும் கையோடு நிற்பது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே நினைவகத்தைப் பங்கிடும் ஷேர்டு அரே பஃபர் என்ற ஒன்றும் இருக்கிறது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு வெளியானதும் பிரவுசர்கள் இதை அவசரமாக அணைத்து வைத்தன, அப்புறம் சர்வர் குறிப்பிட்ட சில ஹெடர்களை அனுப்பினால் மட்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப வந்தது. தொடக்கத்தில் இது தேவைப்படாது, பெயர் தெரிந்திருந்தால் போதும்.

நிறுத்தச் சொன்னால் ஏன் நிற்பதில்லை

எண்ணிக்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்தவும் ஒரு பொத்தான் வேண்டும். முதலாவது சுலபம், வொர்க்கர் நடுநடுவே '40 சதவீதம்' என்று ஒரு செய்தி அனுப்பினால் மெயின் த்ரெட் பட்டையை நகர்த்தும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு செய்தி அனுப்பாதீர்கள், லட்சம் செய்தி வந்து குவிந்து, எதற்காக வொர்க்கருக்குப் போனோமோ அந்த மெயின் த்ரெட்டே மூச்சுத் திணறும். சதவீதம் ஒன்று ஏறும்போது ஒருமுறை அனுப்பினால் போதும். வரும் செய்திகள் முன்னேற்றமா, விடையா, பிழையா என்று பிரித்துப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு வகைப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்துப் பல கோப்புகளைக் கொடுப்பதாக இருந்தால் எந்தக் கோப்புக்கான பதில் என்று அறிய ஒரு வரிசை எண்ணும்.

நிறுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் 'நிறுத்து' என்று வொர்க்கருக்குச் செய்தி அனுப்பி, அங்கே ஒரு கொடியை மாற்றி, லூப் அந்தக் கொடியைப் பார்த்து நிற்கட்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நிற்காது. வொர்க்கருக்கும் சொந்தமாக ஒரு ஈவென்ட் லூப்தான், அது எண்ணும் லூப்பில் முழுகியிருக்கும்போது உங்கள் செய்தி வாசலில் வரிசையில் நிற்கும், எண்ணி முடித்த பிறகு எடுத்துப் பார்த்துவிட்டு 'ஓ, நிறுத்தச் சொன்னாரா' என்று கொடியை மாற்றும். மெயின் த்ரெட்டில் இருந்த அதே வியாதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் இங்கே உறைந்தால் பயனருக்குத் தெரிவதில்லை என்பதால் நாம் கவலைப்படுவதில்லை. இதற்கு இரண்டு தீர்வு. ஒன்று, வெளியிலிருந்து டெர்மினேட் என்று கூப்பிடுவது, கேள்வி கேட்காமல் அந்த நொடியே வொர்க்கரை முடித்துவிடும், பாதி விடையும் போய்விடும், அடுத்த கோப்புக்குப் புதிய வொர்க்கர் தொடங்க வேண்டும். இன்னொன்று, வொர்க்கருக்குள்ளேயே வேலையைத் துண்டாக்கி நடுவில் மூச்சுவிட்டு, வந்த செய்தியைப் பார்க்க வாய்ப்புக் கொடுப்பது. எங்கள் மாதிரிச் சின்ன வேலைக்கு முதலாவதே போதும்.

வொர்க்கருக்குள் நிரல் உடைந்தால் பக்கம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பட்டை 40 சதவீதத்தில் நிற்கும், பயனர் காத்துக்கொண்டே இருப்பார். அதனால் ஆன்எரரில் ஒரு ஃபங்ஷனைக் கட்டாயம் வையுங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வொர்க்கருக்கு மாற்றியதால் எண்ணும் வேலை வேகமாக நடக்காது, ஐந்து நொடி என்பது ஐந்து நொடிதான், சொல்லப்போனால் கொஞ்சம் கூடத்தான் ஆகும். பக்கம் அந்த ஐந்து நொடியும் உங்கள் கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என்பதுதான் ஆதாயம். உண்மையில் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கோப்பை நாலாக வெட்டி நாலு வொர்க்கருக்குக் கொடுக்கலாம். நேவிகேட்டரிடம் ஹார்டுவேர் கன்கரன்சி என்று கேட்டால் எத்தனை கோர் என்று சொல்லும், அதற்குமேல் வொர்க்கர் தொடங்கிப் பயன் இல்லை, ஒவ்வொன்றும் தனி நினைவகம் தின்னும். தொடங்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் ஒருமுறை தொடங்கியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

வெட்டுகிற இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் உள்ள கோப்பில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், 'தமிழ்' என்ற சொல் 15 பைட். கண்ணை மூடிக்கொண்டு சரிபாதியில் வெட்டினால் ஒரு குறியீட்டின் நடுவே கத்தி இறங்கலாம், இரண்டு துண்டின் ஓரத்திலும் கறுப்புச் சாய்சதுரத்தில் கேள்விக்குறி வரும். தப்பித்தவறிக் குறியீட்டின் ஓரத்தில் வெட்டினாலும் 'மி'யின் மகரம் ஒரு துண்டுக்கும் இகரக் குறி மறு துண்டுக்கும் போய்விடலாம். வெட்ட நினைத்த இடத்திலிருந்து அடுத்த வரி முடிவைத் தேடி அங்கே வெட்டுங்கள், வரி முடிவைக் குறிக்கும் பைட் யூடிஎஃப்-8இல் வேறு எழுத்துக்குள் ஒளிந்திருக்காது என்பதால் பயப்பட வேண்டாம்.

முதல் நாளில் முட்டுகிற சுவர்கள்

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து முயன்றால் குரோமில் வொர்க்கர் தொடங்காது, பாதுகாப்புப் பிழை வரும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன சர்வரை ஓட்டி அதன் வழியாகத் திறக்க வேண்டும், பைத்தான் இருந்தால் அதனோடு வரும் எச்டிடிபி சர்வரே போதும். அடுத்து, வொர்க்கர் கோப்பு உங்கள் பக்கம் இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும், வேறு சர்வரில் உள்ள கோப்பின் முகவரியை நேராகக் கொடுத்தால் ஏற்காது. அப்புறம், முகவரியை வெறும் சரமாகக் கொடுத்தால் அது பக்கத்தின் இடத்திலிருந்து கணக்கிடப்படும், அதை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் இடத்திலிருந்து அல்ல. ஸ்கிரிப்ட்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பவர்கள் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். வைட், வெப்பேக் 5 மாதிரி கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் நியூ யுஆர்எல் என்பதோடு இம்போர்ட் மெட்டா யுஆர்எல்லைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பின்பற்றுங்கள், இந்தச் சிக்கல் வராது.

வொர்க்கருக்குள் இம்போர்ட் எழுத வேண்டும் என்றால் தொடங்கும்போதே வகை மாட்யூல் என்று சொல்லிவிட வேண்டும். குரோம் 2020இலேயே இதை ஏற்றது, ஃபயர்பாக்ஸ் 2023இல் 114ஆம் பதிப்பில்தான் வந்தது, அதனால் பழைய கட்டுரைகளில் இம்போர்ட்ஸ்கிரிப்ட்ஸ் என்ற பழைய முறையே இருக்கும். செய்திகளை அனுப்பிப் பெறுவதே அலுப்பாக இருந்தால் காம்லிங்க் என்ற சின்ன லைப்ரரியைப் பாருங்கள், வொர்க்கரில் உள்ள ஃபங்ஷனை இங்கிருந்தே அவெயிட் போட்டுக் கூப்பிடுவது போல எழுதலாம். ஆனால் ஒருமுறையாவது போஸ்ட்மெசேஜைக் கையால் எழுதிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது, இல்லையென்றால் அடியில் நகலெடுப்பு நடக்கிறது என்பதே மறந்துவிடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். சர்வீஸ் வொர்க்கர் என்பது வேறு. அது பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே உட்கார்ந்து, இணையம் இல்லாதபோதும் பக்கம் திறக்க உதவுவது, பக்கத்தை மூடிய பிறகும் தேவைப்பட்டால் எழுந்திருக்கும், வேலை இல்லாதபோது பிரவுசர் அதைத் தூங்க வைத்துவிடும். நீண்ட கணக்கை அதனிடம் கொடுக்கக் கூடாது. நாம் இவ்வளவு நேரம் பேசியது ஒரு பக்கத்துக்கே உரிய, அந்தப் பக்கம் மூடப்பட்டால் கூடவே முடிந்துபோகிற வொர்க்கர்.

எங்கெல்லாம் இது நிஜமாக உழைக்கிறது என்று பார்த்தால், ஃபயர்பாக்ஸில் பிடிஎஃப் திறக்கும்போது அதைப் பிரித்துப் படிக்கும் பிடிஎஃப்.ஜேஎஸ் வொர்க்கரில்தான் ஓடுகிறது. விஎஸ் கோடுக்குள் இருக்கும் மொனாக்கோ எடிட்டர் பிரவுசரில் ஓடும்போது மொழிச் சரிபார்ப்பை வொர்க்கரில் செய்கிறது. படத்தைச் சுருக்கித் தரும் ஸ்கூஷ் அப்படித்தான். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட்.ஜேஎஸ்ஸும் அப்படியே, அதற்குத் தமிழ்த் தரவும் இருக்கிறது, பழைய புத்தகப் பக்கங்களைப் பிரவுசரிலேயே உரையாக்கிப் பார்க்க ஆசை உள்ளவர்கள் முயலலாம். கெட்ட உதாரணமும் உண்டு: 2017இல் வந்த காயின்ஹைவ் என்ற ஸ்கிரிப்ட், பார்வையாளரின் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் மொனேரோ நாணயம் தோண்ட வொர்க்கர்களைத்தான் பயன்படுத்தியது. பக்கம் உறையாததால் பலருக்கு உடனே சந்தேகம் வரவில்லை, மின்விசிறி மட்டும் இரைந்தது. 2019 மார்ச்சில் அதை மூடினார்கள்.

வொர்க்கர் உதவாத இடமும் தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதாயிரம் வரிசை உள்ள ஒரு அட்டவணையைத் திரையில் போடும்போது உறைகிறது என்றால் அது வரைகிற வேலை, அதை வொர்க்கர் செய்ய முடியாது, கண்ணுக்குத் தெரிகிற வரிசைகளை மட்டும் போடுவதுதான் வழி. வெறும் ஃபெட்ச்சுக்காகவும் வேண்டாம், அது ஏற்கெனவே மெயின் த்ரெட்டைப் பிடித்துக்கொள்வதில்லை.

மாற்றி எழுதிய பிறகு குரோமின் டெவலப்பர் கருவியில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, சிபியுவின் வேகத்தைக் குறைத்துக் காட்டும் தேர்வைப் போட்டுவிட்டு, ஒரு பெரிய கோப்பை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். மெயின் என்ற வரிசையில் இருந்த நீளமான பட்டை போய், வொர்க்கர் என்ற தனி வரிசையில் அது வந்திருக்க வேண்டும். மெயினில் இன்னும் 'நீண்ட வேலை' என்பதைக் காட்டும் சிவப்பு மூலையோடு ஒரு பட்டை நின்றால் அதைச் சொடுக்கி எந்த ஃபங்ஷன் என்று பாருங்கள்: பெரும்பாலும் அது விடையை வாங்கும் ஆன்மெசேஜாக இருக்கும், தேவைக்கு மேல் எதையோ திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.